முதுகைத் திருப்பினால் மறந்துபோகும் பாட்டு: ஒரு ரெக்கார்டர் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பன்னிரண்டு பிள்ளைகள். ஏழு, எட்டு வயது. வாரம் இரண்டு நாள், நாளுக்கு 30 நிமிடம். ஆளுக்கொரு சோப்ரானோ ரெக்கார்டர், அதாவது நேராகப் பிடித்து ஊதும் சிறு குழல். பலகையில் கோடு போட்டுச் சுரம் எழுதுவதில்லை, தாள் கொடுப்பதில்லை. எல்லாம் கேள்வி ஞானம்தான். ஆறாவது வாரத்தில் மூன்று சுரத்தில் அமைந்த ஒரு சிறு மெட்டை வகுப்பு முழுவதும் பிசகில்லாமல் ஊதியது. பார்க்க வந்த பெற்றோர் கைதட்டினார்கள். அடுத்த வகுப்பில் ஆசிரியர் ஒரே ஒரு மாற்றம் செய்தார். எல்லோரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, அதே மெட்டை ஊதச் சொன்னார். முதல் அடியிலேயே பாட்டு சிதறியது. மூன்று நான்கு பேர்தான் கடைசிவரை வந்து சேர்ந்தார்கள்.

இது ஒரே ஒரு வகுப்பில் நடந்ததல்ல. இத்தகைய வகுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் கோலத்தை ஒரு வகுப்பாகத் தொகுத்திருக்கிறோம். வாரக் கணக்கு இடத்துக்கு இடம் முன்பின் ஆகும். தவறுகள் வரும் வரிசை பெரும்பாலும் இதுதான்.

கருவியும் கட்டையும்

சோப்ரானோ ரெக்கார்டர் சுமார் 33 செ.மீ. நீளம். பிளாஸ்டிக்கில் வருவது மூன்று துண்டு: ஊதும் தலைப்பகுதி, நடு உடல், அடிப்பகுதி. முன்பக்கம் ஏழு துளை, பின்னால் இடது கட்டைவிரலுக்கு ஒன்று. இடது கை மேலே: ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் முறையே 1, 2, 3. வலது கை கீழே: 4 முதல் 7 வரை. இடது கைச் சுண்டுவிரலுக்கு வேலையே இல்லை.

புல்லாங்குழலில் உதட்டின் கோணம் பிடிபட்டு முதல் நாதம் வரவே பல பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் ஆகும். ரெக்கார்டரில் முதல் மூச்சிலேயே ஒலி வந்துவிடும். குழந்தைகளுக்கு இது ஏற்ற கருவியாக இருப்பதற்கும், கெட்ட பழக்கங்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வதற்கும் காரணம் இந்த ஒன்றுதான். எப்படி ஊதினாலும் ஏதோ ஒன்று கேட்கும்.

உலகெங்கும் வழக்கமான தொடக்கம் பி, ஏ, ஜி என்ற மூன்று சுரம். பின்துளையோடு 1ஐ மூடினால் பி. 1, 2 மூடினால் ஏ. 1, 2, 3 மூடினால் ஜி. ஆதாரச் சுரத்தை விடாமல் ஒலிக்கும் சுருதிப்பெட்டியை 5 கட்டையில் (கட்டை என்பது அந்த ஆதாரச் சுரத்தின் உயர அளவு) வைத்தால் ஜி ஸட்ஜம், அதாவது ஸ ஆகிவிடும். அப்போது இந்த மூன்றும் ஸ ரி க. மேலே சி, டி சேர்த்தால் ம ப. சங்கராபரண ராகத்தின் கீழ்ப்பாதி இடது கைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கர்நாடக சங்கீத வழக்கப்படி மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்க நினைப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். ஸட்ஜத்தை சியில் வைத்தால் அந்த ராகத்தின் சுத்த ரிஷபத்துக்கு (தாழ்ந்த ரி) ஏழாவது இடத்திலுள்ள இரட்டைத் துளையில் ஒன்றை மட்டும் மூட வேண்டும். ஏழு வயதுச் சுண்டுவிரலுக்கு அது ஆகாத வேலை. சங்கராபரணம், அதை விட்டால் மோகனம். வேறு வழி தேட வேண்டாம்.

வகுப்பு எடுத்துக்கொண்ட மெட்டு 16 அட்சரம் (தாள எண்ணிக்கை), ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் (சுற்று). காற்புள்ளி என்றால் முந்தைய சுரத்தை நீட்டி நிற்பது, அதாவது கார்வை:

க ரி ஸ , | க ரி ஸ , | ஸஸ ஸஸ ரிரி ரிரி | க ரி ஸ , ||

முதல் ஐந்து வாரம்

முதல் வாரம் தலைப்பகுதி மட்டும். உடலைக் கழற்றி வைத்துவிட வேண்டும். துளை கண்ணில் பட்டால் விரல் சும்மா இருக்காது. தலைப்பகுதியின் அடிவாயை உள்ளங்கையால் மூடினால் ஒலி கனத்து இறங்கும், திறந்தால் ஏறும். இந்த இரண்டு ஒலியை வைத்துக்கொண்டு நான்கு அட்சர எதிரொலி விளையாட்டு: ஆசிரியர் ஊதுவது, பிள்ளைகள் திருப்பி ஊதுவது.

மூச்சின் அளவைச் சொல்லித்தரும்போது 'சூடான கஞ்சியை ஆற்றுவதுபோல் ஊது' என்றால் கூடுதலாகிவிடும், கருவி கீச்சிடும். கண்ணாடியில் ஆவி படிய 'ஹா' என்று விடும் வெதுவெதுப்பான மூச்சுதான் பி, ஏ, ஜிக்குப் போதும்.

நாக்கு விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலப் பாடமுறையில் உள்ளபடி 'டூ' என்று சொல்லிக்கொடுத்தால் நம் பிள்ளைகள் நாக்கை மடித்து 'ஓடு' என்பதில் வரும் டகரத்தைப் போடுவார்கள். ஒவ்வொரு சுரமும் தட்டுத் தட்டென்று விழும். 'தூ' என்றால் இரண்டு கேடு. முதலாவது, வகுப்பே சிரிக்கும். இரண்டாவது, எச்சில் துப்பும் அதே வேகத்தில் காற்று பாயும். நல்ல வழி, 'அது, அது, அது' என்று நாலு தடவை வாயால் சொல்லச் சொல்லி, பிறகு அகரத்தை விட்டுவிடச் சொல்வது. உயிரெழுத்துக்குப் பின்னால் வரும் அந்த மெல்லிய 'து' தான் வேண்டிய நாக்கு.

இரண்டாம் வாரம் பி, மூன்றாம் வாரம் ஏ, நான்காம் வாரம் ஜி. ஜி வந்ததும் கீச்சொலியும் வந்தது. மோதிர விரல் 3ஆம் துளையைத் தேடிப் போகும்போது பின்னால் கட்டைவிரல் லேசாக நகர்ந்துவிடும். மயிரிழை இடைவெளி போதும், சுரம் மேலே எகிறிவிடும். 'நன்றாக மூடு' என்று சொல்வதால் பயனில்லை, ஏனென்றால் மூடியிருப்பதாகத்தான் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது. துளைகளின் மேல் விரல்களை மூன்று எண்ணும்வரை அழுத்தி, எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். விரல் சதையில் முழு வட்டத் தழும்பு இருந்தால் சரி. பிறைநிலா மாதிரி அரை வட்டம் இருந்தால் அந்த விரல்தான் குற்றவாளி. நுனிவிரலால் மூடுகிற பிள்ளைக்கு எப்போதும் பிறைதான் விழும். நுனிக்குச் சற்று உள்ளே, சதைப்பற்றான இடத்தால் மூட வேண்டும்.

இதே வாரங்களில் இரண்டு பிள்ளைகள் வலது கையை மேலே வைத்து ஊதிக்கொண்டிருந்தார்கள். இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைகள் என்று ஆசிரியர் நினைத்தார். அப்படியில்லை. எதிரே நிற்கும் ஆசிரியரைக் கண்ணாடி பார்ப்பதுபோல் பார்த்து, அவர் இடது கை இருக்கும் பக்கத்தில் தங்கள் வலது கையை வைத்திருந்தார்கள். இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, 'ஸ்டிக்கர் மேலே, முதுகுப் பக்கம்' என்றதும் சரியாகிவிட்டது. ஆனால் வரப்போகும் பெரிய சிக்கலுக்கு இது முன்னறிவிப்பு. அன்றைக்கு யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

என்ன கற்றிருந்தார்கள்?

சுவரைப் பார்த்து ஊதச் சொன்னபோது பாட்டு சிதறியதை மறதி என்று எடுத்துக்கொள்வது எளிது. அது மறதி இல்லை என்பதற்கு மூன்று சோதனை போதுமாக இருந்தது.

கருவியைக் கீழே வைத்துவிட்டு மெட்டைப் பாடச் சொன்னார். பன்னிரண்டு பேரும் பாடினார்கள். மெட்டு மனதில் இருக்கிறது. அடுத்து, வகுப்பு ஊதியதைப் போனில் பதிவு செய்து கேட்டார். பிள்ளைகளின் ஒவ்வொரு சுரமும் ஆசிரியரின் சுரத்துக்குக் கால் அட்சரம் பின்னால் விழுந்திருந்தது. தெரிந்த பாட்டைச் சேர்ந்து ஊதுகிறவர்கள் கூடவே வருவார்கள். பின்னால் வருகிறவர்கள் எதையோ பார்த்துவிட்டு வருகிறார்கள். மூன்றாவது சோதனைதான் சந்தேகத்துக்கு இடமில்லாதது. பதிவு செய்த ஒலி ஏ ஊதிக்கொண்டிருக்க, ஆசிரியர் தன் கருவியை ஊதாமல் ஜியின் விரல்களைப் பிடித்துக் காட்டினார். ஏறக்குறைய எல்லோரும் ஜி ஊதினார்கள்.

காதுக்குப் பாட்டு தெரியும். விரலுக்கு அசைவு தெரியும். இரண்டுக்கும் நடுவில் கண் உட்கார்ந்துகொண்டு, இருவரையும் பேசவிடாமல் எல்லா வேலையையும் தானே பார்த்துக்கொண்டிருந்தது. தாள் இல்லை என்பதாலேயே அது காது வழிக் கல்வி ஆகிவிடாது. ஆசிரியரின் விரலும் ஒரு தாள்தான்.

திருத்திய விதம்

ஏழாவது வாரத்திலிருந்து ஆசிரியர் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றார். எதிரே நின்றே ஆக வேண்டிய நேரத்தில் கையின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார். பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டே சுரத்துக்கு இறங்கினார்: க, ஸ. பக்கத்துப் பக்கத்துச் சுரமான ரியைச் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம், இடைவெளி பெரிதாக இருந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காது திணறாது. 'க ஸ ஸ ,', 'ஸ க ஸ ,' என்று நான்கு அட்சரத்துக்குள் அடங்கும் சிறு துண்டுகள். தொடங்கும் சுரத்தை ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிவிட வேண்டும். வெறும் ஒலியைக் கேட்டு அது எந்தச் சுரம் என்று சொல்வது வேறு திறமை. அதை இங்கே சோதித்தால் பிள்ளை ஊகிக்கத் தொடங்கிவிடும்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே வரிசை. கேட்பது; சுரப்பெயரோடு பாடுவது; கருவியின் வாயைத் தாடையில் ஊன்றிக்கொண்டு பாடியபடியே விரல் பிடிப்பது; பிறகுதான் ஊதுவது. மூன்றாவது படியைப் பல ஆசிரியர்கள் நேரமில்லை என்று தாண்டிவிடுவார்கள். காதும் விரலும் ஒன்றையொன்று சந்திக்கும் இடமே அதுதான். 'க' என்று பாடும்போது ஒரு விரலும் 'ஸ' என்று பாடும்போது மூன்று விரலும் இருக்கிறதா என்று பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். தாடையில் ஊன்றியிருக்கும்வரை யாரும் ஊத முடியாது என்பது கூடுதல் நன்மை. பன்னிரண்டு சோப்ரானோ ஒரு சிறிய அறையில் ஒரே நேரத்தில் ஒலித்தால் ஆசிரியருக்கே காது வேலை செய்யாது. நான்கு பேர் ஊத, நான்கு பேர் தாடையில் விரல் பிடிக்க, மீதி நான்கு பேர் தாளம் போட என்று சுற்றி வந்தால் சத்தமும் அடங்கும். ஊதுகிறவர்களால் கையால் தாளம் போட முடியாது என்ற குறையும் தீரும்.

ஒரு துண்டை மூன்று தடவைக்கு மேல் திருப்பக்கூடாது. மூன்றாவது தடவையும் வரவில்லை என்றால் துண்டு நீளம் என்று பொருள். நான்கை இரண்டாக்க வேண்டும். பத்துத் தடவை திருப்பினால் பிள்ளை காதை மூடிவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் கையை ஓரக்கண்ணால் பார்க்கும்.

எட்டாவது வாரத்தில் ரி உள்ளே வந்தது. அதோடு எல்லோருக்கும் பிடித்துப்போன ஒரு விளையாட்டும்: ஆசிரியர் மறைவாக நின்று தெரிந்த மெட்டை ஊதுவார், எங்காவது ஒரு சுரத்தை மாற்றிப் போடுவார், கேட்டவுடன் கை தூக்க வேண்டும். கை தூக்கிய பிள்ளையிடம் சரியான சுரம் எது என்று சொல்லக் கேட்கக்கூடாது. ஊதிக் காட்டச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாவது வாரக் கடைசியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி பாட்டு மறுபடி வந்தது. முன்னைவிட மெதுவாக, கார்வைகளில் அவசரத்தோடு. 'ஸ ,' என்று நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அடுத்த அடிக்குத் தாவுவது இந்த வயதின் குணம். கார்வை இருக்கும் அட்சரத்தில் குதிகாலைத் தரையில் தட்டச் சொன்னது ஓரளவு உதவியது.

நான்கு கட்டையில் வந்த வம்பு

பாட்டு உண்மையில் காதில் இறங்கிவிட்டதா என்று பார்க்க நல்ல வழி கட்டையை மாற்றுவது. ரெக்கார்டரில் இதே மெட்டு பி ஏ ஜியில் வரும், ஏ ஜி எஃபில் வரும், ஈ டி சியில் வரும். மேல் சியிலிருந்து சி பி ஏ என்று இறங்கினால் வராது. முதல் இரண்டு சுரத்துக்கு இடையே அரைச்சுர தூரம்தான், மெட்டு சோகமாகிவிடும். இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டிச் சொல்லாமல், ஒவ்வொரு சுரத்திலிருந்தும் தொடங்கிப் பார்க்கச் சொல்லி எங்கே 'நம்ம பாட்டு' கேட்கிறது என்று தேடவிட வேண்டும்.

பத்தாவது வாரத்தில் சுருதிப்பெட்டியை 4 கட்டைக்கு மாற்றி, ஏயிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். எஃபுக்கு 'ஜியோடு வலது கை ஆள்காட்டி விரலையும் சேர்' என்றார் ஆசிரியர். ஏழு பேருக்கு எஃப் அழகாக வந்தது. ஐந்து பேருக்குக் காதைக் கிழிக்கும் அபசுரம். மூச்சைக் குறைக்கச் சொன்னார், துளையைப் பார்த்தார், வட்டத் தழும்பும் முழுசாக இருந்தது. அந்த ஐந்து பேருக்குச் சுருதி ஞானம் குறைவு என்று முடிவு கட்டும் நிலை. அவர்களில் ஒருத்திதான் மெட்டைத் திருத்தமாகப் பாடக்கூடியவள் என்பது மட்டும் இடித்தது.

குற்றம் கருவியில். ரெக்கார்டரில் இரண்டு விரல்முறை உண்டு: பாரோக், ஜெர்மன். 1920களில் ஜெர்மனியில் பீட்டர் ஹார்லன் என்ற கருவித் தயாரிப்பாளர், எஃபுக்குக் குறுக்கு விரல் (நடுவில் ஒரு துளையைத் திறந்துவிட்டுக் கீழ்த் துளைகளை மூடுவது) போட வேண்டியிருப்பதைத் தவிர்க்க, துளைகளை மாற்றி அமைத்தார். அந்த ஜெர்மன் முறையில் எஃபுக்கு 1 முதல் 4 வரை வரிசையாக மூடினால் போதும். பழைய பாரோக் முறையில் அதோடு 6, 7ஐயும் மூட வேண்டும், 5 திறந்திருக்க வேண்டும். பாரோக் கருவியில் ஜெர்மன் விரல் போட்டால் எஃபுக்கும் அடுத்த அரைச்சுரத்துக்கும் நடுவில் எங்கேயோ ஒலிக்கும். பி, ஏ, ஜி மூன்றும் இரண்டு முறையிலும் ஒன்றே என்பதால் ஒன்பது வாரம் யாருக்கும் தெரியவில்லை. கடைக்காரர் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்திருந்தார். யமஹாவிலேயே ஒய்.ஆர்.எஸ்.-23 ஜெர்மன், ஒய்.ஆர்.எஸ்.-24பி பாரோக், வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. 4ஆம், 5ஆம் துளைகளை ஒப்பிட்டால் கண்டுபிடிக்கலாம். பாரோக்கில் 5 பெரிது. ஜெர்மனில் 5 சிறிது.

திருத்தம் பிள்ளைகளிடமிருந்தே வந்தது. சுருதியை ஓடவிட்டு, 1 முதல் 4 வரை பிடித்தபடி, கீழே இருக்கும் விரல்களைச் சேர்த்தும் விட்டும் அபசுரம் போகிற இடத்தைத் தேடச் சொன்னார்கள். சுருதியோடு ஒட்டாதபோது ஒலியில் ஓர் அலை அடிக்கும். ஒட்டினால் அலை நின்றுவிடும். மூன்று பேர் 6, 7ஐத் தாங்களே கண்டுபிடித்தார்கள்.

எங்கள் கருத்து: பாரோக்கே வாங்குங்கள். ஜெர்மன் முறை ஒரு எஃபை எளிதாக்கிவிட்டு, பின்னால் எஃப் ஷார்ப்பில் (எஃபுக்கு அரைச்சுரம் மேலே) வட்டியோடு வசூலித்துவிடும். 5 கட்டைச் சங்கராபரணத்தின் காகலி நிஷாதம் (உயர்ந்த நி) அந்த எஃப் ஷார்ப்தான். அதிலும் மேல் ஸ்தாயியில் ஜெர்மன் கருவிகளின் சுருதி நம்பத்தக்கதல்ல. எல்லாவற்றையும்விட முக்கியம், வகுப்பு முழுவதும் ஒரே வகையாக இருப்பது.

வீட்டில்

ஒன்பதாம் வாரத்துக்குப் பிறகும் இரண்டு பிள்ளைகள் பழையபடி தடுமாறினார்கள். வீட்டில் பெற்றோர் யூட்யூப் வீடியோவைப் போட்டு, விரலைப் பார்த்துப் பழக வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் 'பி ஏ ஜி, பி ஏ ஜி' என்று எழுதி ஒட்டியிருந்தது. நல்லெண்ணம்தான், ஆனால் கண் திரும்பவும் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடும். வகுப்பு முடிந்ததும் 20 வினாடி வாய்ஸ் மெசேஜ் ஒன்று மட்டும் அனுப்புவது என்று முடிவானது. வீடியோ கிடையாது. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம்; ஒரேயடியாக அரை மணி நேரம் வேண்டாம், பத்தாவது நிமிடத்தில் உதடும் கவனமும் சேர்ந்தே தளரும்.

கருவிப் பராமரிப்பில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். தலைப்பகுதியைக் கையில் பொத்திச் சூடாக்கிவிட்டு ஊதினால் காற்றுப்பாதையில் நீர் கோப்பது குறையும். அடைத்துக்கொண்டால் தலைப்பகுதியின் மேலே உள்ள சன்னலை (ஒலி வரும் சதுர வெட்டு) விரலால் முழுக்க மூடி ஒரு முறை பலமாக ஊதினால் நீர் போய்விடும். சன்னலின் கூர்மையான விளிம்பை ஊக்கு, குச்சி கொண்டு சுரண்டவே கூடாது. ஒலி பிறப்பதே அந்த விளிம்பில்தான். வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவலாம், கொதிநீர் ஆகாது. ஒருவர் ஊதியதை இன்னொருவர் ஊத வேண்டாம்.

பன்னிரண்டாம் வாரம்

வலது கை உள்ளே வந்தபின் வகுப்பு மோகனத்துக்குப் போனது. சுருதி 1 கட்டை, அதாவது சி ஸட்ஜம். இப்போது ஜி ஸ அல்ல, ப. இரண்டு மூன்று நாள் பிள்ளைகள் ஜியைப் பிடித்துக்கொண்டு 'ஸ' என்றே பாடினார்கள். விளக்கம் சொல்லிப் பயனில்லை. சுருதிப்பெட்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கருவியில்லாமல் ஸ எங்கே உட்காருகிறது என்று வெறுமனே பாடவிட்டதும் பெயர் இடம் மாறியது.

எடுத்துக்கொண்டது சங்கீதம் கற்கும் எல்லோரும் தொடக்கத்தில் பாடும் மோகன கீதத்தின் முதல் வரி: க க ப , ப , | த ப ஸ , ஸ , | ரி ஸ த த ப , | த ப க க ரி , . மோகனத்தில் மத்யமம் (ம) இல்லாததால் எஃப் வரவே வராது. பாரோக்கும் ஜெர்மனும் இங்கே ஒன்றுதான். சிரமம் இரண்டு இடத்தில். பயிலிருந்து கவுக்கு, அதாவது ஜியிலிருந்து ஈக்கு, 4ஆம் 5ஆம் விரல்கள் ஒரே நேரத்தில் விழ வேண்டும்; ஒன்று முந்தினால் நடுவில் ஒரு வேண்டாத சுரம் எட்டிப் பார்க்கும். மேல் ரிஷபத்துக்குப் பின்துளையைத் திறந்துவிட்டு 2ஐ மட்டும் மூடுவதால் கருவியைப் பிடிக்கவே விரல் மிச்சம் இல்லாததுபோல் ஆடும். வலது கட்டைவிரலை 4ஆம் துளைக்கு நேர் பின்னால் முட்டுக் கொடுக்க வேண்டும். வரி கீழே ரிஷபத்தோடு நின்றுவிடுகிறது, கீழ் ஸட்ஜம் வரை போவதில்லை. அதனால் ஏழாவது துளையையும் சுண்டுவிரலையும் அடுத்த பருவத்துக்கு விட்டுவைத்தார்கள்.